ஆறாவது கேள்வி

குலுக்கல் நான்கு மணிக்கு. இப்போது மணி பன்னிரண்டே கால். அதற்குள் ஒரு திருடியைக் கண்டுபிடிக்க வேண்டும், அல்லது திருட்டே நடக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும். இரண்டாவது வேலையில் புகழே கிடையாது என்று ரேடியோ வண்டியை விட்டு இறங்கும்போதே சொல்லிவிட்டான்.

ரேடியோ என்பது வீட்டில் வைத்த பெயரல்ல. அணைக்கும் பொத்தான் இல்லாததால் ஊர் வைத்த பெயர். அவனுக்குச் சம்பளம் கொடுக்கும் துப்பறிவாளரை எல்லாரும் மேடம் என்றே அழைத்தார்கள், அவருடைய கணவர் உட்பட. மேடம் பதினெட்டு வருடம் ஒரு பெரிய கடையில் புகார்ப் பெட்டியைத் திறந்து படிக்கும் வேலை பார்த்தவர். மனிதர்கள் பாராட்டும்போதுதான் அதிகம் பொய் சொல்கிறார்கள், புகாரில் பொய் குறைவு என்பது அந்தப் பதினெட்டு வருடத்தில் அவர் கற்ற பாடம்.

வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் அலுவலகத்தில் மூன்று மேசைகளும் ஓர் அச்சுப்பொறியும் இருந்தன. அச்சுப்பொறியின் மேல் 'தட்டாதீர்கள்' என்று எழுதி ஒட்டியிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல பள்ளம் விழுந்திருந்தது.

இவர்களை வரவழைத்தவர் சங்கத்தின் எழுத்தர். ஐம்பதை நெருங்கும் அம்மாள். அழுது முடித்து முகம் கழுவி வந்து உட்கார்ந்திருந்தார்.

"புதுக் கட்டடத்துல தரைத்தளத்துல பன்னிரண்டு வீடு மேடம். படி ஏற முடியாதவங்களுக்கும் பார்வை இல்லாதவங்களுக்கும் ஒதுக்கினது. வெப்சைட்லதான் விண்ணப்பிக்கணும், பேப்பர் வாங்காதீங்கன்னு தலைவர் சொல்லிட்டார். அறுபத்துநாலு விண்ணப்பம் வந்திருக்கு. திங்கக்கிழமை ஏழு பேர் வந்து, நாங்களும் அனுப்பினோம், பட்டியல்ல எங்க பேரையே காணோம்னு சத்தம் போட்டாங்க. பட்டியலோட பாஸ்வேர்டு எங்கிட்ட மட்டும்தான் இருக்கு."

"உங்க மச்சினர் பேர் மட்டும் அதுல பத்திரமா இருக்குன்னு போன்லயே சொன்னீங்க," என்றார் மேடம்.

"அவர் இடுப்பு உடைஞ்சு ஒரு வருஷமாச்சு. அவர் விண்ணப்பிக்கக் கூடாதா?" என்றார் எழுத்தர். "தலைவர் அத்தனை பேர் முன்னாடி என்னைத் திருடின்னார். இருபத்தொரு வருஷமா இங்க இருக்கேன், ஒரு குண்டூசிகூட வீட்டுக்குக் கொண்டு போனதில்ல. இன்னிக்குக் குலுக்கல் முடிஞ்சதும் என்னை வேலையை விட்டு நீக்கற கடிதத்தைப் படிக்கப் போறார். கடிதம் ரெடி. நானேதான் டைப் அடிச்சேன்."

"நீங்களேவா?" என்றான் ரேடியோ.

"இங்க வேற யாருக்கு டைப் அடிக்கத் தெரியும்? பிழை இருந்தா திருத்திடுங்கன்னு வேற சொன்னார்."

"இருந்துச்சா?"

"ரெண்டு இருந்துச்சு. திருத்திட்டேன்."

ரேடியோ தன் கைப்பேசியில் சங்கத்தின் வெப்சைட்டைத் திறந்தான். பெயர், முகவரி, கைப்பேசி எண், என்ன சிரமம், வீட்டில் எத்தனை பேர் என்று ஐந்து கேள்விகள். 'என்ன சிரமம்' என்ற இடத்தில் 'மேலதிகாரி' என்று எழுதி அனுப்பினான். 'நன்றி. உங்கள் விண்ணப்பம் கிடைத்தது' என்று வந்தது. அரை நிமிடத்தில் எழுத்தரின் கணினியில் அறுபத்தைந்தாவது ஆளாக அவன் நின்றான்.

"படிவம் ஒழுங்காத்தான் வேலை செய்யுது மேடம்."

எழுத்தர் ஒரு பொத்தானை அழுத்தினார். ரேடியோ காணாமல் போனான். தடயம் எதுவும் இல்லை.

"இவ்வளவு சுலபமா?"

"அதனாலதான் தம்பி, யாருமே என்னை நம்ப மாட்டேங்கறாங்க."

மேடம் பட்டியலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் இரண்டு முறை உருட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டார். "இதுல குப்பை எங்க?"

"குப்பையா?"

"நான் திறந்த பெட்டியில மிட்டாய்த் தாள் இருக்கும், பஸ் டிக்கெட் இருக்கும், காதல் கடிதம் இருக்கும். ஒரு தடவை பல் செட்டே இருந்துச்சு. குப்பை விழாத பெட்டியை நான் பாத்ததே இல்ல. வெப்சைட்னா இன்னும் மோசம். மருந்து விக்கறவன், பரிசு விழுந்திருக்குங்கறவன், வெளிநாட்டு இளவரசன்னு எவனாவது வந்து கொட்டிட்டுப் போவான். இங்க ஒருத்தனையும் காணோமே?"

"வெப்சைட் பண்ணிக் குடுத்தவர் கெட்டிக்காரர் மேடம். ஒரு ஸ்பாம்கூட உள்ள வராதுன்னு சொன்னார். அப்படியேதான் இருக்கு."

"அப்போ உங்களுக்கு முன்னாடியே யாரோ பெட்டியைத் திறந்து பொறுக்கறாங்க," என்று மேடம் எழுந்தார். "அந்த ஏழு பேரோட முகவரியைக் குடுங்க."

அந்த ஏழு பேரில் முதல் ஆள் மருத்துவமனை ஒன்றின் தொலைபேசி ஆபரேட்டர்; அங்கேயே போய்ப் பார்த்தார்கள். முப்பது வயதுப் பெண். பிறவியிலேயே பார்வை கிடையாது. நான்காவது மாடியில் அம்மாவோடு குடியிருப்பவர். லிஃப்ட் வாரத்துக்கு மூன்று நாள் ஓய்வெடுக்கும் கட்டடம் அது. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டதால் லிஃப்ட் ஓய்வெடுக்கும் நாட்களில் அவரும் ஓய்வெடுக்க வேண்டியதுதான்.

"அந்தம்மா அனுப்பின ஆளுங்களா நீங்க?" ஆபரேட்டர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே கேட்டார். "அவங்களைப் பத்திப் பேச எனக்கு ஒண்ணுமில்ல. மூணு தடவை அனுப்பினேன். மூணு தடவையும் நன்றின்னு வந்துச்சு. மூணையும் அழிச்சுட்டாங்க. எக்ஸ்ரேயா? இணைக்கிறேன் சார்."

கடைசி வாக்கியம் வேறு யாருக்கோ.

"நாலாவது தடவை எங்க முன்னாடி அனுப்பறீங்களா?" என்றார் மேடம்.

ரேடியோ எழுத்தருக்கு வீடியோ அழைப்புப் போட்டான். கைப்பேசியை அச்சுப்பொறி மேல் சாய்த்து வைக்கச் சொல்லி, கணினித் திரை தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு கைகளையும் மேலே தூக்கச் சொன்னான். எழுத்தர் மறுபேச்சில்லாமல் தூக்கினார். வங்கியில் கொள்ளைக்காரன் நுழைந்தது போல இருந்தது.

ஆபரேட்டரின் கணினி பேசத் தொடங்கியது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அது. ரேடியோவே திகைத்துப்போகும் வேகத்தில் வாசித்தது.

"இது என்ன மொழிங்க?"

"தமிழ்தான். நீங்க கேக்கறதுதான் மெதுவா இருக்கு." அவர் விரல்கள் தட்டிக்கொண்டே போயின. "பேரு. முகவரி. கைப்பேசி. சிரமம். அப்புறம் மாற்றுத் தொலைபேசி எண். தங்கச்சி நம்பரைக் குடுத்துடுவேன். கடைசியா வீட்ல எத்தனை பேர். ஆச்சு."

"இருங்க இருங்க." ரேடியோ திரையை விரலால் தொட்டு எண்ணினான். "மாற்று நம்பர்னு ஒண்ணுமே இல்லையே. அஞ்சு கேள்விதான்."

"ஆறு."

"அஞ்சுங்க. நான் பாத்துட்டே இருக்கேன். நீங்க தங்கச்சி நம்பரை அடிச்சப்போ எங்கயுமே எழுத்து விழல."

"விழுந்துச்சு. எனக்குத் திருப்பிப் படிச்சுச் சொல்லுச்சு. கண்ணு இருக்கறவர் நீங்கதானே? ஒழுங்கா எண்ணுங்க."

ரேடியோ மறுபடியும் எண்ணினான். ஐந்துதான். வாழ்க்கையில் முதன்முறையாக அவனுக்குத் தன் கண்ணில் சந்தேகம் வந்தது.

"அனுப்புங்க," என்றார் மேடம்.

'நன்றி. உங்கள் விண்ணப்பம் கிடைத்தது.' மென்பொருள் அதை ஒரே மூச்சில் வாசித்தது. கைப்பேசிக்குள் எழுத்தர் கைகளைத் தூக்கியபடியே இருந்தார். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம் போயிற்று. பட்டியல் அறுபத்துநாலிலேயே நின்றது.

"கையை இறக்கலாமா தம்பி? தோள் வலிக்குது."

ஆபரேட்டர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். அழைப்பு விளக்கு மினுக்கி மினுக்கி அணைந்தது. "அப்போ அந்தம்மா அழிக்கலையா?" என்றார் மெல்ல. "நான் அன்னிக்கு என்னெல்லாமோ பேசிட்டேனே."

இரண்டாவது ஆள் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். கை நடுக்கம் இருப்பதால் மௌஸைப் பிடித்தால் அம்பு திரையெங்கும் ஓடும். கண்கள் இரண்டும் பழுதில்லை, தொலைவில் வருகிற வண்டியின் எண்ணைக்கூடப் படிப்பேன் என்று அவரே முதலில் சொல்லிவிட்டார்.

"அப்போ படிவத்தை எப்படி நிரப்புனீங்க அண்ணே?" என்றான் ரேடியோ.

"இந்த டேப் பொத்தான் இருக்குல்ல, அதை அடிச்சா அடுத்த கட்டத்துக்குப் போகும். மெதுவா அப்படியே போவேன். நாலாவதைத் தாண்டினதும் எழுதற இடத்துல மினுக்கற கோடு எங்கயோ மறைஞ்சுடும். எழுதினா எழுத்து வராது. இன்னொரு தடவை அடிச்சாத்தான் கடைசிக் கட்டத்துல வந்து நிக்கும்."

"எழுத்து வராத இடத்துல என்ன எழுதினீங்க?"

"அஞ்சு. வீட்ல அஞ்சு பேர். எழுதினதே தெரியலையேன்னு மறுபடியும் எழுதினேன்."

"நான் சொன்னேன்," என்றார் உள்ளே இருந்து அவர் மனைவி. "எங்கயோ போய் எழுதிட்டு வர்றீங்க, சரியாப் பாருங்கன்னு. எந்தக் காலத்துல இவர் வழி கேட்டிருக்கார்?"

மேடம் காகிதத்தில் நான்கு கட்டங்கள் வரைந்து, பக்கத்தில் இடம் விட்டு, ஐந்தாவதை வரைந்தார். விட்ட இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். "பாக்காதவங்க ஒருத்தர், பாக்கறவர் ஒருத்தர். ரெண்டு பேரும் ஒரே குழியில விழுந்திருக்காங்க. குழி நிஜம்."

"யார் வெட்டினதுன்னுதான் தெரியணும்," என்றான் ரேடியோ.

"பெட்டியைச் செஞ்சவர்கிட்டயே கேப்போம்."

வெப்சைட் செய்து கொடுத்தவரின் அலுவலகம் ஒரு மருந்துக்கடையின் மேல் இருந்தது. அறையில் மூன்று திரைகள். சுவரில் ஒரு பலகை, அதில் 'இன்று வரை பிழைகள்: 0' என்று எழுதியிருந்தது. சைபரைச் சுற்றி ஒரு வட்டம் வேறு.

மணி இரண்டே முக்கால்.

"உங்க படிவத்துல எத்தனை கேள்வி?" என்றார் மேடம்.

"அஞ்சு."

"ஆறு."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கண்டுபிடிச்சுட்டீங்களா! ஆறு மாசமா எல்லா வெப்சைட்லயும் வைக்கறேன், ஒருத்தர்கூடக் கண்டுபிடிச்சதில்ல. அது பொறி மேடம். திரைக்கு வெளியே இடது பக்கம் ரொம்ப தூரத்துல ஒரு கட்டத்தைத் தள்ளி வச்சிருக்கேன். மனுஷன் கண்ணுக்குத் தெரியாது. ஸ்பாம் அனுப்பற ரோபோ இருக்கே, அது பக்கத்தைப் பாக்காது, பின்னாடி எழுதியிருக்கறதைப் படிக்கும். கட்டம்னு ஒண்ணு இருந்தா நிரப்பிடும். அந்தக் கட்டத்துல ஏதாவது இருந்தா அனுப்பினது ரோபோ. நேரா குப்பைக்குப் போயிடும்."

"குப்பைக்குப் போனதுக்கு நன்றி எதுக்கு?"

"மாட்டிக்கிட்டோம்னு ரோபோவுக்குத் தெரியக் கூடாதுல்ல? தெரிஞ்சா வேற வழியில வரும்."

"மரியாதை தெரிஞ்ச பொறி," என்றான் ரேடியோ.

"பாக்காம படிக்கறவங்க எல்லாம் ரோபோவா?" என்றார் மேடம்.

அவர் சங்கத்தின் வெப்சைட்டைத் திரையில் திறந்தார்.

"அந்த வீடு யாருக்கு ஒதுக்கினது தம்பி?"

சங்கத்தின் முகப்புப் பக்கத்தில் 'பார்வை இல்லாதவர்களுக்கும்' என்ற வரியைப் பெரிய எழுத்தில் போட்டவரே அவர்தான்.

மேடம் மேசையிலிருந்த மௌஸை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். "இப்போ உங்க படிவத்தை நீங்களே ஒரு தடவை நிரப்புங்க."

அவர் டேப் பொத்தானை அடித்துக்கொண்டு போனார். பெயர், முகவரி, கைப்பேசி, சிரமம். அடுத்த தட்டலில் கோடு மறைந்தது. அவர் விரல் அந்தரத்தில் நின்றது. தான் கட்டிய வீட்டிலேயே விளக்கு அணைந்தவர் போல அவர் திரையை வெறித்தார்.

"ஒரு தடவைகூட இப்படி நிரப்பிப் பாத்ததில்ல மேடம்."

"குப்பையையாவது திறந்து பாத்தீங்களா?"

"குப்பையை எதுக்குத் திறக்கணும்?"

"பதினெட்டு வருஷம் எனக்குச் சம்பளமே அதுக்குத்தான் குடுத்தாங்க. திறங்க."

குப்பையில் நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டு இருந்தன. முப்பது நாள் ஆனால் தானாகவே அழிந்துவிடும்படி வைத்திருந்தார். விண்ணப்பம் தொடங்கி இருபத்தாறு நாள்தான் ஆகியிருந்தது. இன்னும் நான்கு நாள் கழித்து வந்திருந்தால் முதல் நாள் விண்ணப்பித்தவர்கள் இந்த உலகிலேயே விண்ணப்பித்திருக்க மாட்டார்கள்.

"ஒரு மணி நேரத்துல நாலாயிரத்தை எப்படி மேடம் படிக்கறது?" என்றான் ரேடியோ.

"எல்லாத்தையும் படிக்க வேண்டாம். அந்த ஆறாவது கட்டத்துல ரோபோ என்ன எழுதும்?"

"லிங்க்," என்றார் வெப்சைட்காரர். "ஏதாவது கடையோட லிங்க்தான் போடும்."

"மனுஷங்க கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுவாங்க. லிங்க் இருக்கறதை எல்லாம் தள்ளுங்க."

அவர் தள்ளினார். நாற்பத்தொன்று மிஞ்சியது. ஆறாவது கட்டத்தில் தங்கையின் எண், மகனின் எண், பக்கத்து வீட்டுக்காரர் எண். ஒன்றில் மட்டும் வெறும் 5. ஒரே ஆள் இரண்டு மூன்று தடவை அனுப்பியதை எல்லாம் சேர்த்துக் கழித்தபோது இருபத்துமூன்று பேர்.

"ஏழு பேர்தானே புகார் குடுத்தாங்க?" என்றான் ரேடியோ.

"மீதிப் பதினாறு பேர் பட்டியலைக் கேக்கவே வரல. நன்றின்னு சொன்னதை நம்பிட்டாங்க," என்றார் மேடம்.

இந்த நேரத்தில் அந்தப் பதினாறு பேரும் யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, படிகளை எண்ணிக்கொண்டு, குலுக்கலுக்குக் கிளம்பியிருப்பார்கள். தங்கள் பெயர் பெட்டிக்குள் கிடக்கிறது என்று நம்பிக்கொண்டு வருவார்கள். இல்லாத சீட்டு விழவில்லையே என்று தங்கள் ராசியை நொந்துகொண்டு திரும்பியும் போயிருப்பார்கள். மருந்துக்கடை மாடியிலிருந்து இறங்கி முடிக்கும்வரை ரேடியோ வாயைத் திறக்கவில்லை. மேடத்துக்கே அது கவலையாக இருந்தது.

வெப்சைட்காரர் இருபத்துமூன்று தாள்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார். "நானே சொல்லிடறேன் மேடம். அந்தம்மா முகத்தைப் பாத்து எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

கூட்ட அரங்கில் முன்வரிசைகள் நிரம்பியிருந்தன. மேடையில் கண்ணாடிப் பெட்டி. பக்கத்தில் சங்கத்தின் தலைவர், கையில் மடித்த கடிதம். எழுத்தர் மேடையின் ஓரத்தில், பட்டியலை வைத்திருந்த மேசைக்குப் பின்னால் நின்றார். அவர் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

மணி நாலுக்குப் பத்து.

வெப்சைட்காரர் தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் இரண்டு முறை எழுத்தர் பக்கம் திரும்பி மன்னிப்புக் கேட்டார். தலைவர் தாள்களைப் புரட்டினார். கடிதத்தைச் சட்டைப்பைக்குள் சொருகினார். அவர் முகத்தில் பெரிய நிம்மதி.

"நல்லதாப் போச்சு. இருபத்துமூணு சீட்டையும் சேர்த்துப் போட்டுடலாம். யார் மேலயும் தப்பில்ல. தொழில்நுட்பக் கோளாறு. அம்மா, நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. எல்லாருக்கும் விளக்கமா ஒரு ஈமெயில் அனுப்பிடச் சொல்றேன்."

"எல்லாருக்கும் போய்ச் சேரும்ங்கறீங்களா சார்?" என்றான் ரேடியோ. அவனுக்குப் பேச்சு திரும்பி வந்துவிட்டது.

எழுத்தர் நகரவில்லை. "ஈமெயில் வேண்டாம் சார்."

"பின்ன?"

"மைக்குல சொல்லுங்க."

"அதான் சொல்லப் போறேனே. கோளாறு காரணமாக..."

"கோளாறு விண்ணப்பத்தைத்தான் சார் தூக்கிப் போட்டுச்சு," என்றார் எழுத்தர். "என்னைத் திருடின்னு சொன்னது நீங்க."

மைக் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அரங்கம் முழுக்கக் கேட்டுவிட்டது. தலைவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் கைப்பைக்குள் இருந்த மௌஸை வெளியே எடுத்து அதன் உரிமையாளரிடம் கொடுக்கும் வேலையில் மும்முரமாக இருந்தார். உதவிக்கு யாரும் இல்லை.

தலைவர் மைக்குக்கு நேராகத் திரும்பினார். "திங்கக்கிழமை இந்த அம்மாவைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொன்னேன். விசாரிக்காம சொன்னேன். அவங்க எதையும் திருடல. தப்பு என்னோடது."

மூன்றாவது வரிசையில் ஆபரேட்டர் எழுந்து நின்றார். மைக் இல்லாமலே அவர் குரல் மேடைக்கு வந்தது. "நானும் சொன்னேன் அக்கா. என்னையும் மன்னிச்சிடுங்க."

எழுத்தர் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்க வந்தது. பிறகு வெப்சைட்காரரின் கையிலிருந்த தாள்களை வாங்கி மேசையில் தட்டி நேராக்கி, மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"குலுக்கலுக்கு முன்னாடி விட்டுப்போன பேரெல்லாம் நான் படிக்கிறேன். இருந்தா சத்தமா சொல்லுங்க. எனக்குக் காதுல கேக்கணும்."

முதல் பெயரைப் படித்தார். அரங்கின் கடைசி வரிசையிலிருந்து ஒரு கிழவர், தன் பெயர் விட்டுப்போனதே தெரியாதவர், குழப்பத்தோடு கையைத் தூக்கினார்.

"இருக்கேன்மா. நன்றின்னு வந்துச்சே?"

"இப்போ நிஜமாவே வந்துருச்சு ஐயா," என்று எழுத்தர் அவர் பெயரை அறுபத்தைந்தாவதாகப் பட்டியலில் எழுதினார்.